ருகோ என்றால் ருக்கு

நேற்று சாத்தம் துறையில் படகு வந்து ஒட்டுவதற்குள் ஸ்கூட்டர்காரர்கள் முண்டியடித்தார்கள். கயிறு பிடித்திருந்தவர் "ருகோ! ருகோ!" என்று கத்தினார். நான் சட்டென்று நின்று, "என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன். என்ன செய்ய, என் பெயர் ருக்மணி, கூப்பிடுவது ருக்கு. இந்தத் தீவில் யார் யாரை இந்தியில் நிற்கச் சொன்னாலும் என் காதில் என் பெயர்தான் விழும்.

அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் சேர்ந்த முதல் வாரமும் இதே கூத்துதான். கேரளத்து மேடம் நடத்திய மில். கந்தகப் புகை போட்ட கொப்பரை உள்ளே வரக்கூடாது. புகை போட்டால் கொப்பரை வெள்ளைவெளேரென்று இருக்கும். சாப்பிடுகிறவர் உடம்புக்கு ஆகாது. தப்பைக் கண்டால் கூட்டுகிறவள்கூட "ருகோ" சொல்லலாம், மிஷின் நிற்க வேண்டும். பலகையில் எழுதியிருந்தார்களாம். நான் இரண்டாம் வகுப்பு. மேடமே வாசித்துக் காட்டினார்.

ஆனால் யாராவது "ருக்கு, டீ!" என்றாலே மிஷின் நின்றுவிடும். மிஷின் ஓட்டிய வங்காளி பிமல்தா தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் அந்தச் சத்தத்துக்கு நிறுத்துவதையே விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மெயின்லேண்டிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்தது. சாயங்காலக் கப்பலுக்கு டின்கள் போக வேண்டும். புதிதாக வந்த மூட்டையை நான் பிரித்தேன். தீக்குச்சி கிழித்த வாசனை!

"ருகோ!"

பிமல்தா சிரித்தார். "அரே தீதி, உன் பேரை நீயே கூப்பிடுறியா?"

இன்னொரு தடவை கத்தினேன். மிஷின் பாட்டுக்கு ஓடியது. கொப்பரையை அள்ள ஆள் வந்தார். நான் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் மூக்கு தப்பாகிவிட்டால் ஆர்டரும் போகும், வேலையும் போகும்.

மேடம் ஓடிவந்தார். ஒரு துண்டை மோந்து பார்த்தார். "எனிக்கு ஒண்ணும் தெரியலையே. உறப்பா சொல்றியா?"

"உறுதிதான் மேடம்."

"பிமல்தா, நிறுத்துங்க. அவ சொல்லியாச்சல்லோ."

மிஷின் நின்றது. அப்படியொரு அமைதியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. தனக்குத் தெரியாத வாசனைக்காக ஒரு முதலாளி மிஷினை நிறுத்துகிறாள், நான் சொன்னேன் என்பதற்காக!

மூட்டைகளைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சாத்தத்தில் கப்பல் ஊதியது. எங்கள் டின்கள் இல்லாமலே கிளம்பிவிட்டது. மூன்றாவது மூட்டையின் தையலில் மஞ்சளாகக் கந்தகப் பொடி இருந்தது. பிமல்தா அதை விரலில் தொட்டு மோந்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "இனி நீ தும்மினாலும் நிறுத்துறேன், போ!"

அடுத்த கப்பலில் நல்ல டின்கள் போயின. பதினாறு வருஷம் அங்கே மூட்டை பிரித்தேன்.

மில் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். மேடம் இல்லை, பிமல்தாவும் இல்லை. ருக்கு என்று கூப்பிடவும் ஆளில்லை; இந்தியில் அம்மா என்று, எல்லோருக்கும் நான் மாஜி.

நேற்று அந்தக் கயிற்றுக்காரர் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு ஸ்கூட்டர் நிற்கவில்லை. நின்றது நான் ஒருத்திதான்.