கிளிவெட்டியிலிருந்து பின்பக்கமாக: ஒரு ஜீப்பும் இரண்டு சேற்று ரயர்களும்

"சேர், சின்ன ஜீப்புக்குச் சேத்து ரயர் போடுறதெண்டால் எதைப் பார்த்து வாங்கவேணும்?" என்று என்னிடம் படித்த ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார். மாரியில் மூதூர்ப் பக்கம் வயல் ரோட்டுகளில் ஓடித்திரியப் போகிறாராம். நான் கணிதம் படிப்பித்தவன், ரயர் விற்றவன் அல்ல. ஆனாலும் 1979 கார்த்திகையில், ஒரு சனிக்கிழமை காலை, கிளிவெட்டியிலிருந்து மூதூர் வரை நான் ஓட்டிய பத்து மைலில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. மீதிப் பாதி என் மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது.

அப்போது எங்களுக்குத் திருமணமாகி ஏழு மாதம். நான் மூதூரில் வாடகை வீட்டில் இருந்து படிப்பித்தேன். தவமணி கிளிவெட்டியில் பெற்றோருடன் இருந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பயிற்றப்படாத ஆசிரியையாகப் படிப்பித்தார். பயிற்சிக் கலாசாலைக்கான தெரிவுப் பரீட்சை அந்தச் சனிக்கிழமை ஒன்பதரைக்குத் திருகோணமலை நகரத்தில். அடுத்த முறை வயதெல்லை கடந்துவிடும். ஆகவே அவருக்கு இது ஒன்றுதான்.

மூதூர் இறங்குதுறையில் ஏழரைக்கு லோஞ்சு, அதாவது இயந்திரப் படகு. துறைமுகத்தைக் குறுக்கறுத்து நகரத்துக்குப் போக ஒரு மணி பத்து நிமிடம். அதை விட்டால் அடுத்தது பரீட்சைக்கு உதவாது. தவமணியின் வீட்டிலிருந்து வாய்க்கால் கரை வழியாக இரண்டு மைல் வந்தால் பெரிய ரோட்டு. அங்கிருந்து எட்டு மைல் மூதூர். "நான் ஜீப்பிலை கொண்டுபோய் விடுறன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் ஜீப் பட்டாளத்தார் விட்டுப்போன பழசு. கான்வஸ் கூரை, நாலு சக்கரமும் இழுக்கும், ரயர் அளவு ஆறுக்குப் பதினாறு. ரயர்கள் நான்கும் சோற்றுக் கோப்பைபோல் வழுவழுத்துப் போயிருந்தன. இரண்டு கிழமைக்கு முன்பே நகரத்துக்குப் போய் ஒரு ரயர்க் கடையில் ஏறினேன்.

"மாஸ்டர், அகலமானதாப் போடுங்க. பாக்கவும் எடுப்பா இருக்கும்" என்றார் முதலாளி.

"மாடும் மண்வெட்டியும் போற ரோட்டு அது. எடுப்பை ஆர் பாக்கிறது?" என்றேன்.

இங்கே ஒரு உதாரணம். தோசைக்கரண்டியையும் கத்தியையும் கூழில் வையுங்கள். கரண்டி மிதக்கும், கத்தி அடிவரை போகும். எங்கள் வயல் ரோட்டில் ஒரு சாண் சேறு, அதற்குக் கீழே இறுகிய நிலம். அந்த நிலத்தைத் தொட ஒடுங்கிய ரயர்தான் வேண்டும். அடியே இல்லாத சதுப்பென்றால் அகலமானது நல்லது. அடுத்தது பற்கள். எண்ணெய் வைத்த தலையைப் பேன்சீப்பால் வாரினால் அழுக்கு சீப்பிலேயே நிற்கும். பல் அகன்ற சீப்பில் நிற்காது. ரயரும் அப்படியே. பற்களாக நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு இடையில் இரண்டு விரல் போக வேண்டும்.

நடுவில் சேர்ந்து இரு பக்கமும் சரியும் கட்டைகள் வைத்த, உழவு இயந்திரச் சக்கரத்தின் குட்டிபோன்ற ரயரைத் தெரிவுசெய்தேன். ஒன்று அறுநூற்றுப் பத்து ரூபாய். இரண்டுக்கு மேல் என் சம்பளம் தாங்காது. பின்பக்கத்துக்கு மட்டும் வாங்கி, உருட்டிக்கொண்டு போய் லோஞ்சில் ஏற்றினேன்.

"என்ன மாஸ்டர், ஜீப்பைத் துண்டு துண்டாக் கொண்டு போறீங்களா?" என்றார் லோஞ்சுக்காரர்.

மூதூரில் சக்கரங்களை நானே பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் புறப்பட்டு, காய்ந்த ரோட்டில் நாற்பது நிமிடத்தில் கிளிவெட்டி போய்ச் சேர்ந்தேன். மாமனாருக்குக் கத்தி, கரண்டி, சீப்பு எல்லாம் சொல்லி முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. மனிதர் நல்லவர், தலையாட்டிக்கொண்டு இருந்தார். இரவு முழுக்க மழை அடித்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். தவமணி பரீட்சைக்கென்று வெள்ளைச் சேலை. அனுமதி அட்டையும் பேனையும் பொலித்தீன் பைக்குள். அரை மைல் போகவில்லை, ரோட்டு பள்ளமாய் இறங்கும் இடத்தில் ஜீப் நின்றது. பின்சக்கரங்கள் சுற்றின, சேற்றை அள்ளி அப்பிக்கொண்டன. முன்சக்கரங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நான் இறங்கிக் கொப்பு வெட்டிப் போட்டேன். ஏறி மிதித்தேன். இன்னும் இறங்கியது.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லட்டோ?"

"பொறும். இப்ப வரும்."

கல் போட்டேன். மிதித்தேன்.

"கொஞ்சம் கேளுங்கோவன்."

"தவமணி, நீர் ஏறி இரும். சேலையிலை சேறு படும்."

அவர் ஏறவில்லை. ஆறு இருபதுக்கு நான் களைத்துப்போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியபோது, அவர் ஜீப்புக்குப் பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"ரெண்டு ரயரும் வலமிடம் மாறிக் கிடக்கு. ஐயாவின்ர உழவு மெசினிலை பின்னாலை நிண்டு பாத்தால் கட்டை கூரை முகடுமாதிரி இருக்கும். இது குழிச் சட்டிமாதிரி இருக்கு. சேத்தை வெளியாலை தள்ளாமல் உள்ளுக்கு அள்ளுது."

பார்த்தேன். சட்டிதான்.

"எப்ப கண்டனீர்?"

"நேற்று முற்றத்துத் தடத்திலையே கண்டனான். நீங்கள் ஐயாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு இருந்தீங்கள். அவருக்கு முன்னாலை சொன்னால் உங்களுக்கு வெக்கம் எண்டு விட்டிட்டன். இப்பிடி மழை வரும் எண்டு ஆர் கண்டது?"

மாற்றிப் பூட்டலாம் என்று ஜீப்பைத் தூக்கும் ஜக்கை எடுத்தேன். வைத்த இடத்திலேயே அது புதைந்தது.

"விடுங்கோ, நேரம் காணாது. பின்னுக்கு எடுங்கோ."

"பின்னுக்கு எடுத்தால் வீட்டையெல்லோ போவம்?"

"வீட்டடிக் களத்திலை திருப்பிப்போட்டு, பிறகும் பின்னுக்கே போவம். பின்னுக்குப் போகேக்கை ரயர் சரியாத்தானே சுத்தும்?"

பதினோராம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற எனக்கு அது விளங்க அரை நிமிடம் எடுத்தது. ரிவேர்சில் போட்டேன். ஜீப் ஒரு முனகலோடு பள்ளத்தை விட்டு ஏறி வந்தது.

களத்தில் திருப்பி, முகத்தை வீட்டுப் பக்கமும் பின்புறத்தை ரோட்டுப் பக்கமும் வைத்துக்கொண்டு இரண்டு மைலும் பின்பக்கமாகவே ஓடினோம். தவமணி பின்னால் முழங்காலில் நின்று, "வலம், வலம், காணும், நேராய்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மடை திறக்க வந்த பக்கத்து வயற்காரர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளைக்குப் போக மனமில்லையோ? வீட்டைப் பாத்தபடி போறார்."

"ஓம் அண்ணை. அம்மான்ர சமையலை விட்டிட்டுப் போக ஏலாதாம்."

பெரிய ரோட்டில் ஏறும்போது ஆறு ஐம்பத்தெட்டு. கிறவல் போட்டு இறுகிய அந்த ரோட்டில் முன்பக்கமாகத் திருப்பி மிதித்தேன். இறங்குதுறையில் ஏழு இருபத்தாறு. லோஞ்சுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தவமணி செருப்பைக் கையில் பிடித்தபடி பாய்ந்து ஏறினார். சேலைக் கரை முழங்கால்வரை மண்நிறம். இயந்திரச் சத்தத்துக்கு மேலால், "பின்னேரம் வரேக்கை ரயரை மாத்திப்போட்டு வாங்கோ" என்று சொன்னது மட்டும் கேட்டது.

பரீட்சையில் அவர் தெரிவானார். இரண்டு வருடம் பயிற்சிக்குப் போனார். நான் மூதூரில் தனியே சமைத்துச் சாப்பிட்டேன். அந்தக் காலை லோஞ்சைத் தவறவிட்டிருந்தால் அவர் மூதூருக்கு வந்து என்னோடேயே இருந்திருப்பார். ஆனால் நான் "பொறும்" என்று சொன்ன அந்த இருபத்தைந்து நிமிடத்தை வாழ்க்கை முழுக்கச் சேர்ந்து சுமந்திருப்போம். பிறகு அவர் முப்பத்தொரு வருடம் படிப்பித்தார், என்னைவிட நன்றாக.

இப்போது மூதூருக்குப் பாலங்கள் வழியாகத் தரையாலேயே போகலாம். வயல் ரோட்டுகள் மாரியில் அப்படியேதான். ஒடுங்கிய ரயர், அகன்ற இடைவெளி, சேற்றில் இறங்கமுன் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குப் பதினெட்டு இறாத்தலாகக் குறைத்தல், ஏறியபின் நிரப்ப ஒரு பம்ப்; இவ்வளவும் போதும். இரண்டு முறை மிதித்தும் வராவிட்டால் மூன்றாம் முறை மிதிக்காதீர்கள், கூட வந்தவரைக் கேளுங்கள்.

ரயர் ஏற்கெனவே பூட்டியாயிற்று என்றால், இன்றைக்கே வாகனத்தின் பின்னால் போய் நின்று பாருங்கள்: கட்டைகள் கூரை முகடுபோல் மேல்நோக்கிக் கூடவேண்டும், சட்டிபோல் கீழ்நோக்கிக் கூடினால், இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டுங்கள்.