லொரேன் சொன்ன ‘எல்லாரும்’

லொரேனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில், ரஸ்ஸலின் உணவகத்தில் பதினெட்டு வருடம் மாலைச் சாப்பாடு பரிமாறி வளர்த்த வாய் அது. ஆளைச் சிரிக்கவைத்தால் டிப்ஸ் தானாக வரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

பரிமாறுகிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியில் பாதியை முதலாளி கொடுத்தால் போதும். மீதி டிப்ஸ் என்பதுதான் அங்கே சட்டம். இனி முழுக்கூலி என்று நவம்பரில் ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள். முதலாளி ரஸ்ஸல் லொரேனைப் பிடித்துக்கொண்டார்.

“முழுக்கூலின்னு தெரிஞ்சா எவன் டிப்ஸ் வைப்பான்? நீயே வந்து சட்டசபைல சொல்லு லொரேன்.”

அவளுக்கும் பயம்தான். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அவளுக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. உணவக முதலாளிகள் ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஏறிப் போய், முழுக்கூலி வேண்டாம் என்று சட்டசபைக் குழுவின் முன்னால் மூன்று நிமிடம் பேசினாள். உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்:

“கூட வேலை பாக்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்களாம்மா?”

“எல்லாரும் சார்.”

ஒருத்தியையும் அவள் கேட்டிருக்கவில்லை. காலை ஷிப்ட் போலினைக் கேட்கத் தேவையே இல்லை. ஒரு முட்டைக்கும் காபிக்கும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சில்லறை வைத்துப் போகும் கிழவர்கள்தான் போலினின் வாடிக்கை. முழுக்கூலி வந்ததும் மத்தியானம் மோட்டல் அறை கூட்டும் வேலையை விட்டுவிட்டு முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்று அவள் லொரேனிடம்தான் சொல்லியிருந்தாள்.

ஜூனில் முழுக்கூலி ரத்தானது. உறுப்பினர்களோடு லொரேன் கைகுலுக்கும் போட்டோவை ரஸ்ஸல் காபி மெஷினுக்கு மேலே மாட்டினார்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் லொரேன் உள்ளே வந்தபோது போலின் அந்தப் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று லொரேன் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“நல்லாப் பேசினே கண்ணு. டிவியில பாத்தேன், நானே சிரிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு. எல்லாரும்னு சொன்னியே, அதுல நானும் உண்டா?”

லொரேனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன் போலின். உன் நிலைமை தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“ம். அப்ப சரி.”

போலின் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, காலைத் தாங்கித் தாங்கி மோட்டலுக்குப் போனாள்.

அன்றே லொரேன் போட்டோவைக் கழற்றினாள். மறுநாள் ரஸ்ஸல் திரும்ப மாட்டினார். காபி மெஷினைத் துடைக்கும்போது போலின் அதையும் சேர்த்தே துடைக்கிறாள்.