வியாழக்கிழமைப் புகை

எட்வின் கிராப் போய்ச் சேர்ந்தான். எங்கள் புல்வெளிக் காவல் சாவடியில் பதினொரு வருடம் கான்ஸ்டபிளாக இருந்தவன். அடக்கத்துக்கு என்னோடு சேர்த்து நாலே பேர். "பொய்க் கையெழுத்துக்காரன்" என்று ஊர் வைத்த பெயர் குழிவரை கூட வந்தது.

சாவடி என்றால் ஒரு மரக்கட்டை வீடு, ஒரு லாயம். அவனும், வழிகாட்டியாக நார்பெர்ட் என்கிற நானும். என் அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா கிரீ என்கிற பழங்குடி இனம். வியாழன்தோறும் பதினான்கு வீடுகளுக்குக் குதிரையில் போய், "குறை ஏதும் உண்டா?" என்று கேட்டு, இல்லை என்று தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி வீடு ஹால்டோராவுடையது. ஐஸ்லாந்துக்காரி, புருஷனை இழந்த தனிக்கட்டை. எழுதத் தெரியாது, பெருக்கல் குறி போடுவாள்.

"என் குறையே உன் மூஞ்சிதாண்டா. தின்னுட்டுப் போ" என்று கிராப்புக்குக் கருவாடும் வெண்ணெயும் வைப்பாள். தாயில்லாத பயல், அங்கே மட்டும்தான் தொப்பியைக் கழற்றி உட்காருவான்.

அந்த ஜனவரியில் பேய்ப் பனிப்புயல். அது சற்றே விட்ட நேரத்தில் மேட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மைல் தூரத்தில் அவள் வீட்டுப் புகை தெரிந்தது, கன்னங்கரேலென்று.

"கெழவி ஜம்முனு குளிர்காயறா. திரும்பு தொரை, குதிரை செத்துரும்" என்றேன்.

"கையெழுத்து?"

"அவ குறியை நானே போடுறேன். என் கையெழுத்தும் அதானே!"

அவன் தயங்கினான். நான் தாளைப் பிடுங்கிக் குறியைப் போட்டேன்.

அடுத்த வியாழன் கதவை உடைத்துப் போனோம். தொடை எலும்பு முறிந்து, அடுப்பருகே விறைத்துக் கிடந்தாள். விறகு வெளியே அடுக்கியபடி இருந்தது. உள்ளே நாற்காலி இல்லை, கட்டிலில் பாதி இல்லை. அடுப்பில் பாதி எரிந்த, தார் பூசிய சாக்கு. வியாழக்கிழமை நாங்கள் வருவோம், பார்த்து ஓடி வரட்டும் என்று கைக்கு எட்டியதையெல்லாம் போட்டுக் கரும்புகை கிளப்பியிருக்கிறாள், மகராசி. நாங்களும் பார்த்தோம்!

"இந்தக் குறி யார் போட்டது?" என்று கேட்டார் மேலதிகாரி. எனக்கு நாலு பிள்ளைகள். வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சார்" என்றான் கிராப்.

ஆறு மாதச் சிறை, வேலையும் போயிற்று. திரும்பி வந்து அவள் வீட்டிலேயே குடியிருந்தான். சாவடியை மூடிய பிறகும், வியாழன்தோறும் நடந்தே வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக் குறை கேட்டான். ஊர் சிரித்தது. என் கதவையும் தட்டுவான். "ஒண்ணுமில்ல" என்பேன். பத்தொன்பது வருடம் அதையேதான் சொன்னேன், பாவி.

இன்றைக்குக் குழியை மூடியதும் மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டேன். "அந்தக் குறி என்னுதுய்யா. அவன் போடல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "செத்தவனுக்காகப் பழியை ஏத்துக்கிறியே, தங்கமான மனசுய்யா உனக்கு" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.