சந்தனவிளை வீட்டுக்காரி

திருவிழாவுக்கு வந்த யானை எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கி, ஏறமாட்டேன் என்று படுத்துக்கொண்ட வருடம் அது. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்த வருடத்தைச் சொல்வார்கள். பாகன் கெஞ்சினான், திட்டினான், வெல்லக்கட்டியையும் பழக்குலையையும் கரையில் வைத்து ஆசை காட்டினான். யானை துதிக்கையால் தண்ணீரை அள்ளி அவன் தலையிலேயே ஊற்றியது. அன்றைக்குச் சாமி யானை இல்லாமல்தான் புறப்பட்டது. ஊரே குளத்தங்கரையில் நின்று வாய்பார்த்த அந்த நேரத்தில், யானையைப் பார்க்காமல் குனிந்து குனிந்து படித்துறையில் சோப்புக் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் என் அத்தைதான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவருக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, போன பிறகுதான் தெரிந்தது. ஒரு தகரப்பெட்டியோடு எஸ்டேட் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் நெல் போட்டு வைக்கும் அறையில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பாள். அந்த அறைக்குக் கதவு கிடையாது. நாங்கள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதும் அங்கேதான், கோழி முட்டையிடுவதும் அங்கேதான்.

அப்பா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். யாராவது வழியில் மறித்து ஏதாவது கேட்டுவிட்டால், வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார்.

“நீ அங்க திரும்பிப் போறதுதான் ஒனக்கு மரியாதை. இஞ்ச எத்தன காலத்துக்கு இப்பிடி ஒண்டிக் கெடப்பே?”

“எனக்கு ஒரு தையல் மெஷினு மட்டும் கெடைக்கட்டும் அண்ணே. பொறவு நான் ஆருக்கும் பாரமில்ல.”

“மெஷினு மரத்துலயா காய்க்குது?”

“சோப்புல காய்க்கும்” என்பாள் அத்தை.

அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அந்தக் காலத்தில் சோப்புக்காரர்கள், தேயிலைக்காரர்கள், பல்பொடிக்காரர்கள் எல்லோரும் போட்டி வைப்பார்கள். மேலுறையைக் கத்தரித்து அனுப்ப வேண்டும், கூடவே ஒரு வாக்கியத்தை நல்லபடியாக முடித்து எழுத வேண்டும். பத்திரிகையில் குறுக்கெழுத்து வரும். குழித்துறையில் பொருட்காட்சி வந்தால், கண்ணாடிச் சாடிக்குள் எத்தனை பயறு என்று சொல்லும் போட்டி இருக்கும். எதையும் அத்தை விடமாட்டாள். பரிசாக ஒரு சீப்பு விழுந்தது, ஒரு சோப்பு டப்பா விழுந்தது, சாமி படம் போட்ட காலண்டர் ஒன்று விழுந்தது. காலண்டர் வந்தபோது அந்த வருடம் பாதி முடிந்திருந்தது. அதற்கும் அவள் குறைப்படவில்லை. மீதி பாதிக்கு ஆகும் என்று ஆணியடித்து மாட்டினாள்.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவளுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுத்தார்கள். கருங்கல் சந்தைக்குப் போகிறவர்கள் அவளுக்காக அந்தச் சோப்பையே கேட்டு வாங்குவார்கள். ஈரக் காகிதத்தை அத்தை நெல்மூட்டைமேல் விரித்துக் காயவைப்பாள். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக் கஞ்சியில் மல்லிகைப்பூ சோப்பு மணத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும்.

அப்போதுதான் தையல் மெஷின் பரிசு என்று ஒரு போட்டி வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கூப்பன்தான் அனுப்பலாம் என்று போட்டிருந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒன்றை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு நம்பர் கிடையாது. விளை என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு பெயர், விளையின் பெயர்தான் வீட்டின் பெயர். மேல்விலாசத்தில் அதை எழுதினால் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அத்தை என்ன செய்தாள், எங்கள் விளைக்குள் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள். கோழிக்கூடு பவளவிளை வீடு. விறகுப்புரை தாமரைவிளை வீடு. கிணற்றடி கங்கைவிளை வீடு. மாட்டுத்தொழுவம் சந்தனவிளை வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பன் அனுப்பினாள். வாக்கியத்தையும் ஒவ்வொரு வீட்டுக்காரியும் அவரவர் குணத்துக்கு எழுதுவதுபோல எழுதினாள். கிணற்றடிக்காரி பக்தி உள்ளவள். கோழிக்கூட்டுக்காரி எதற்கும் குறைசொல்கிறவள், அவளே மெச்சிய சோப்பு இது. சந்தனவிளைக்காரிதான் கொஞ்சம் சொகுசுக்காரி. ‘இந்த சோப்பை நான் விரும்பக் காரணம், குளித்துக் கரையேறிய பிறகும் குளத்து மீன்கள் என்னைத் தேடுவதால்’ என்று எழுதினாள். எங்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினாள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்தாள்.

தபால்காரருக்கு விஷயம் தெரியும். அவர் எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏதாவது வந்தால் வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு கத்துவார்.

“ஏட்டி, கோழிக்கூட்டு வீட்டம்மைக்கு ஒரு கார்டு வந்திருக்கு! ஆளு உள்ள உண்டா, மேயப் போயிருக்கா?”

அத்தையும் சளைக்கமாட்டாள். “அவ அடைகாக்கியா. எங்கிட்ட தாரும், நான் குடுத்திருதேன்.”

அந்த ஆள் ஒருநாள் கத்தாமல் வந்தார். கம்பெனி உறை. சந்தனவிளை வீட்டுக்காரிக்குத் தையல் மெஷின் விழுந்திருந்தது.

அத்தை கடிதத்தை நின்றபடி வாசித்தாள், உட்கார்ந்து மறுபடி வாசித்தாள். சந்தோஷம் அதன் கடைசி வரிவரைக்கும்தான் இருந்தது. கம்பெனி அதிகாரி வரும் ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு நேரில் வருவார், பரிசு பெற்றவரின் வீட்டுக்குள் வைத்துப் போட்டோ எடுப்பார் என்று எழுதியிருந்தது. சந்தனவிளை வீட்டுக்குள் அந்த நேரம் எங்கள் செவலைப் பசு நின்று புண்ணாக்கு தின்றுகொண்டிருந்தது.

அப்பா குதித்தார். “கள்ள விலாசம் குடுத்ததுக்கு போலீசு வரும். மெஷினு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு எழுதிப் போடு. இதுக்க பொறவு நீ ஒன் மாப்பிள வீட்டுக்குப் போற வழியப் பாரு.”

அத்தை கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். அம்மாதான் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“என்னத்துக்கு எழுதிப் போடணும்? பசுவ அவுத்து பக்கத்து வெளையில கெட்டுங்க. ஒரு வீடு இல்லேன்னா ஒரு வீடு உண்டாக்கணும், அவ்வளவுதான?”

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன். காகிதம் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு நாலு காகிதம் கொடுத்திருந்தார்களே, மெஷினில் ஆளுக்கொரு பங்கு இருப்பதுபோல அவர்களுக்கு நினைப்பு. தொழுவத்தைத் தேய்த்துக் கழுவினார்கள், புது ஓலை வேய்ந்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். மரவேலைக்காரர் பழைய பலகையில் ஒரு கதவு செய்து, தாழ்ப்பாளும் வைத்து மாட்டினார். ஒருத்தி கட்டில் கொண்டுவந்தாள், ஒருத்தி நிலைக்கண்ணாடி. கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் அக்கா, தன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை மீன்கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

“மீன் நாத்தம் அடிச்சா மன்னிச்சுக்கிடு மக்கா. மணி செரியா காட்டும்” என்றாள்.

சாணி வாசனைக்கு அந்த மீன் வாசனை எவ்வளவோ மேல். அப்பா மட்டும் எதிலும் சேரவில்லை. தென்னையைச் சுற்றித் தண்ணீர்த் தடம் வெட்டுவதுபோல மண்வெட்டியோடு தூரத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். கூடவே ஒரு போட்டோக்காரர். மெஷினை இறக்கிச் சந்தனவிளை வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஊர் முழுக்க வாசலில் நின்றது. அத்தை அம்மாவின் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். அதிகாரிக்குச் சாயா கொடுத்தாள். நிறைய ஊற்றியதில் கொஞ்சம் சாசரில் சிந்தியது.

“வாக்கியம் ரொம்ப நல்லா இருந்துதும்மா. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க” என்றார் அவர்.

எல்லாம் முடிந்துவிடும்போல் இருந்தது. போட்டோக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். அப்போதுதான் பசு வந்தது. பக்கத்து விளையில் கட்டியிருந்தார்கள், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், புதுக் கதவை முட்டித் திறந்து நேராக உள்ளே போனது. தனக்கு வழக்கமான மூலையில் கட்டில் கிடப்பதைப் பார்த்தது. அதன் பக்கத்திலேயே நின்று, அதிகாரியின் முழங்காலில் மூக்கை வைத்து மூச்சுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. மீன்கார அக்காதான் மெதுவாக, “விருந்தாளி வந்த நேரம் பாத்தியா சனியன்” என்றாள்.

அதிகாரி சாசரைக் கீழே வைத்தார். பசுவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுண்ணாம்புக்கு அடியில் மாடு உரசி உரசி வழுவழுப்பாகியிருந்த இடம் நன்றாகத் தெரிந்தது.

“இது யார் வீட்டு மாடு? ரொம்பப் பழகின இடம் மாதிரி வருதே.”

அத்தை பசுவின் கொம்பைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தாள். அது அசையவில்லை. எனக்கு இப்போதும் அவள் முகம் தெரிகிறது. மெஷின் போகப் போகிறது, மெஷின் போனால் அந்த எஸ்டேட் பஸ்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்து, பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தார்.

“எனக்க மாடாக்கும் சார்.”

“அப்ப இந்த வீடு?”

அப்பா கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

“வீடு இவளுக்கதாக்கும். இந்த மூலைக் கெணறு வரைக்கும் உள்ள மண்ணும் இவளுக்கதுதான். எங்க அப்பனுக்க சொத்துல எந்தங்கச்சிக்கு உள்ள பங்கு. நான் மாட்ட இஞ்ச கெட்டுனது இவ மொகம் சுளிக்காததுனால. நான் அடுத்த வீடு.”

அதிகாரி அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போட்டோக்காரரிடம், “மாடும் நிக்கட்டும், நல்லாருக்கும்” என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீதிச் சாயாவையும் குடித்துவிட்டுப் போனார். அவர் நம்பினாரா, மனதிரங்கினாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு அப்பாமேல்தான் கோபம். பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று எங்களை மிரட்டுகிறவர், ஒரு மெஷினுக்காக ஊர் முழுக்க நிற்கும்போது இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் மண்ணில் அவளுக்குப் பங்கில்லை என்பதுதான் அன்றைக்கு எங்கள் குடும்பங்களில் வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. நாலுபேர் முன்னால் ஒரு ஆண் வாய்விட்டு இப்படிச் சொல்லிவிட்டால், திரும்ப எடுக்க முடியாது என்பதும் தெரியாது.

சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் அம்மா கேட்டாள். “பசுவ எங்க கெட்ட? பழையபடி உள்ளயா?”

“நீ என்ன பேசுக? அது அவ வீடுல்லியா?” என்றார் அப்பா. பசுவைப் பலாமரத்தடியில் கட்டினார். அடுத்த வாரம் அங்கேயே அதற்கு ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கினார். பின்னால் நல்ல நாள் பார்த்து, அந்த மண்ணை அத்தை பெயருக்கு எழுதியும் கொடுத்தார்.

நான் முதன்முதலாகப் போட்ட கால்சட்டை அந்த மெஷினில் தைத்ததுதான். பள்ளிக்கூடம் பிடிக்காமல் ரப்பர் பால்வெட்டப் போனபோது போட்டுக்கொண்டு போன சட்டையும் அதில்தான். என் மகளின் கல்யாணத்துக்கு அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து ரவிக்கை தைத்தாள். போட்டிக்கு எழுதுவதைக் கடைசிவரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு விழுந்தது ஒரு குடை மட்டும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் போன பிறகு, கட்டிலையும் கடிகாரத்தையும் அவரவர் தூக்கிக்கொண்டு போன பிறகு, நான் மெஷின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில் அங்கே போனேன். அத்தை மெஷினைத் தொடவேயில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு திறந்தாள். மறுபடி சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மறுபடி திறந்தாள். புதுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் வெளியே நின்று, “செரியாத்தான விழுகு அத்தே” என்று கத்தினேன். உள்ளேயிருந்து மறுபடியும் தாழ்ப்பாள் விழும் சத்தம்தான் வந்தது.

அந்த இடத்தில் இப்போது என் தம்பி பேத்தி கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை வளைகுடாவில். நல்ல பிள்ளைகள். கொள்ளுத்தாத்தா, திரும்பி வந்த தங்கைமேல் இரக்கப்பட்டுக் கொடுத்த மண் என்று அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்பா செய்தது பெரிய காரியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. எனக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு சாயா கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அந்த மண்ணை என் அத்தை போட்டி போட்டு ஜெயித்தாள்.