தீப்பந்தத்துக்குக் கொடுத்த விலாசம்

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறக்கும்போதே எலியெத் கரண்டியோடு எதிரில் வந்து நின்றாள். எங்கள் பள்ளிச் சமையல்காரி அவள். கரண்டியோடு வந்தால் ஒரு புகார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து வந்தால் நாலு புகார். அன்றைக்கு நல்லவேளையாகக் கரண்டி இருந்தது.

"டீச்சரம்மா, அந்த ஆறாங்கிளாஸ் பொண்ணு என் துடைப்பத்தை மறுபடியும் தூக்கிட்டுப் போயிட்டா. நான் எதை வச்சுக் கூட்டுறது, என் முடியை வச்சா?"

எட்டிப் பார்த்தேன். மைதானத்தில் நொய்லின் துடைப்பத்தைத் தலைகீழாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் இரண்டாம் வகுப்புப் பொடிசுகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் எலியெத்தின் கோழியும் ஓடியது, எதற்கென்று அதற்கே தெரியாது.

"ஓடட்டும் விடு எலியெத். வியாழக்கிழமை வரைக்கும் பள்ளிக்கூடம் குப்பையா இருந்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

"உங்களுக்கென்ன, நீங்களும் சேர்ந்து ஓடுவீங்க" என்று முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அவள் சொன்னது பலித்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

செப்டம்பர் நடுவில் வரும் சுதந்திர வாரம் எங்களுக்குத் திருவிழாவும் தலைவலியும் சேர்ந்த வாரம். அந்தக் காலத்தில் சுதந்திரச் செய்தி வந்த வழியாகவே, குவாத்தமாலாவில் ஏற்றுகிற தீப்பந்தம், பள்ளிப் பிள்ளைகள் கையிலேயே நாடு நாடாக ஓடிவந்து, வடக்கு எல்லையைத் தாண்டி எங்கள் குவானகாஸ்தே மாகாணத்துக்குள் நுழையும். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு துண்டு. எங்கள் பக்கத்துத் துண்டு எப்போதும் டவுன் பள்ளிக்கே போகும். நாங்கள் சாலையை விட்டு உள்ளே தள்ளி, கரும்புக் காட்டு நடுவில், மூன்று ஆசிரியர்களோடு இருக்கிற சின்னப் பள்ளி. ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதும் நான், தலைமையாசிரியையும் நான், தண்ணீர் மோட்டார் நின்றால் அதை உதைப்பவளும் நான்.

வருஷா வருஷம் கல்வித்துறை மேலதிகாரி அம்மாளைப் போய் நச்சரித்து, இந்த வருஷம்தான் ஒரு துண்டு வாங்கினேன். பெரிய மரத்திலிருந்து பாலம் வரை. ஓடப்போவது நொய்லின். ஆறாம் வகுப்போடு அவள் இங்கிருந்து போய்விடுவாள். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு இன்னொரு வருஷம் கிடையாது.

எனக்கும் அப்படி ஒரு வருஷம் இருந்தது. டவுன் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்தபோது என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஓடிப்போய் ரொடோல்ஃபோ என்ற பையனிடம் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்த மழையில் நேரமாகிவிட்டது என்று பந்தத்தைத் துணைக்கு வந்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு சாலையோரம் நின்றேன். வண்டி என் முகத்தில் சேற்றை அடித்துவிட்டுப் போனது. ஐம்பது வயதைத் தாண்டியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. விதி இன்றைக்கும் அதேதான்: நேரமானாலோ, வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றாலோ பந்தம் வண்டியில் ஏறும், அடுத்த பள்ளிக்குத்தான் இறங்கும்.

அந்த ரொடோல்ஃபோதான் இப்போது டவுன் பள்ளித் தலைமையாசிரியர். கல்யாண மாப்பிள்ளை மாதிரி கோட்டு, முன்னால் ஒரு தொப்பை, பேச்சில் எப்போதும் ஒரு குத்தல். திங்கள் மாலையே போன் செய்தான்.

"என்ன ஹன்னியா, உங்க பள்ளிக்கூடத்துல ஓடத் தெரிஞ்ச பிள்ளை இருக்கா, இல்ல கோழியை அனுப்பப்போறியா?"

"கோழியை அனுப்பினாலும் உன் பசங்களை முந்திடும். ஒழுங்கா பந்தத்தைக் கொண்டுவந்து கையில கொடு, போதும்."

"எங்க வந்து கொடுக்க?"

"பெரிய மரத்துக்கிட்ட. வேற எங்க?"

"சரி சரி, பெரிய மரம்" என்று வைத்துவிட்டான். அவன் சரி என்றான், நானும் சரி என்றேன். வினை அங்கேயே முளைத்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் தெருவுக்குப் பெயரும் கிடையாது, வீட்டுக்கு எண்ணும் கிடையாது. என் வீட்டு விலாசம், எரிந்துபோன மளிகைக்கடையிலிருந்து நூறு மீட்டர் கிழக்கே. கடை எரிந்தது நான் பிறப்பதற்கு முன்னால். இருந்தாலும் கடிதம் சரியாக வந்துவிடும். பெரிய மரமும் அப்படித்தான். காது மாதிரி காய் காய்க்கிற பிரம்மாண்டமான குவானகாஸ்தே மரம். புயலில் சாய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் இப்போது வெறும் புல்லும் ஒரு பஸ் நிறுத்தமும்தான். ஆனாலும் எல்லோரும் பெரிய மரத்தில்தான் பஸ் ஏறுவோம், பெரிய மரத்தில்தான் இறங்குவோம்.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து குதித்தார். அன்றைக்கென்று மோட்டார் நின்றுபோய், கழிப்பறைப் பக்கம் யாரும் மூக்கைப் பிடிக்காமல் போக முடியவில்லை. அவரை வகுப்பறையிலேயே மடக்கி உட்காரவைத்து, எலியெத்தின் சோள மாவு வளையங்களையும் வெல்லத் தண்ணீரையும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது வளையத்தோடு அவருக்குக் கழிப்பறையைப் பார்க்கிற எண்ணமே போய்விட்டது.

புதன்கிழமை விளக்குக் கூண்டுகள் வந்தன. சுதந்திர நாளுக்கு முந்தைய மாலையில் பிள்ளைகள் அவரவர் செய்த காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும். அவரவர் செய்தது என்று பேர்; செய்வதெல்லாம் அப்பன்மார். முதல் வகுப்பு வாண்டு ஒருத்தனின் அப்பா மாட்டுவண்டி வடிவத்தில் விளக்கு செய்து வந்தார். அது வகுப்பறைக் கதவுக்குள் நுழையவில்லை.

"இதை உங்க பையனே செஞ்சானா?" என்றேன்.

"ஆமா டீச்சர், நான் பக்கத்துல சும்மா நின்னேன், அவ்வளவுதான்."

அவர் கைவிரல் பத்திலும் பசை. பையன் பாவம், "அப்பா என்னைத் தொடவே விடல டீச்சர்" என்று போட்டுக் கொடுத்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம், அப்பனும் சேர்ந்துதான்.

இத்தனைக்கும் நடுவில் நொய்லின் காலை, இடைவேளை, மாலை என்று துடைப்பத்தோடு ஓடிக்கொண்டேயிருந்தாள். பேச்சு அதிகம் இல்லாத பெண். புதன் மாலை என்னிடம் வந்து, "டீச்சர், காத்து அடிச்சா அணைஞ்சுடுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அணையாது என்றேன். "மழை பெஞ்சா?" என்றாள். எலியெத்தை ஏதோ திட்டப்போகிற சாக்கில் அடுப்படிப் பக்கம் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் பள்ளி முழுக்கப் பெரிய மரத்துக்குப் போனது. மேளம், கொடி, எலியெத் எல்லாம் வந்தாயிற்று, கோழி ஒன்றுதான் பாக்கி. நொய்லின் வெள்ளைச் சட்டை நீலப் பாவாடையில், கால்செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். புதுச் செருப்பு கடிக்கிறதாம். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டவுன் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்கும், கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் மேளத்தை அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார்கள்.

போன் அடித்தது. ரொடோல்ஃபோ.

"எங்க போய்த் தொலைஞ்ச? உனக்காக இங்க காத்துக்கிட்டு நிக்கிறோம்!"

"நாங்கதான் இங்க காத்துக்கிட்டு நிக்கிறோம்! நீ எங்க இருக்க?"

"பெரிய மரத்துல!"

"நான்தான்டா பெரிய மரத்துல நிக்கிறேன்!"

"இங்க உன்னைக் காணோமே! மரத்து மேலதான் உக்காந்திருக்கேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாய்ந்த மரத்தை அறுக்க முடியாமல், அடிமரத்தை டிராக்டர் கட்டி இழுத்துப் போய் டவுன் கால்பந்து மைதானத்து ஓரம் போட்டுவைத்திருந்தார்கள். டவுன்காரர்கள் அதில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார்கள். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலை.

"அறிவு இருக்கா உனக்கு? மரம் எங்க நின்னுச்சோ அதுதான் மரம்!"

"மரம் எங்க கிடக்கோ அதுதான் மரம்! ஹன்னியா, சண்டை அப்புறம். பந்தத்துக்குத் துணையா வந்த வண்டி ஆபீசர் நேரமாச்சு, பந்தத்தை ஏத்துங்கறார். எங்க ஓட்டக்காரப் பையன் கெண்டைக்கால் பிடிச்சு உக்காந்துட்டான். மத்த பிள்ளைங்களை மழைக்கு முன்னால வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நொய்லின் மட்டும் சாலையைப் பார்த்தாள். அவள் கை ஏற்கனவே பாதி நீண்டிருந்தது.

"ரொடோல்ஃபோ" என்றேன். "வண்டியில ஏத்தாத. இந்தப் பொண்ணு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா."

மறுமுனையில் யாரோ "சார், சார், என்ன பண்றீங்க, கொடுங்க சார்" என்று கத்துவது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

"நொய்லின், வடக்க ஓடு! எதிர்ல வருது, ஓடிப் போய் வாங்கு!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். நான் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். என் பின்னால் மேளம், கொடி, எலியெத். கரும்பு லாரி ஒன்று ஓரங்கட்டி நின்று ஹாரன் அடித்தது. டிரைவர், "என்ன டீச்சர், யாரு துரத்துறாங்க?" என்று கேட்டான். கையிலிருந்த செருப்பை ஆட்டிக் காட்டிவிட்டு ஓடினேன்.

சாலை வளைவைத் தாண்டியதும் பார்த்தேன். எதிரே கோட்டுப் பறக்க, டை தோளில் கிடக்க, முகம் பழுத்த தக்காளியாகி, ரொடோல்ஃபோ தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். ஓட்டம் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு அடிக்கும் விழுவதும் எழுவதுமாக வந்தான். பின்னால் வண்டி உருண்டு வந்தது. ஜன்னல் வழியாக ஆபீசர் தலையை நீட்டித் திட்டிக்கொண்டே வந்தார். பந்தம் எரிந்துகொண்டிருந்தது.

நொய்லின் நீட்டிய கையில் அவன் அதைக் கொடுத்தான். அவள் நிற்கவில்லை. ஒரு சுழற்சி, அவ்வளவுதான். அதே வேகத்தில் தெற்கே திரும்பி எங்களை நோக்கி வந்தாள். என்னைக் கடக்கும்போது, "டீச்சர், சூடா இருக்கு!" என்று கத்தினாள். அந்த வாரம் முழுக்க அவள் போட்ட பெரிய சத்தம் அதுதான். அவளோடு சேர்ந்து திரும்பி நானும் ஓடினேன். தூறல் விழுந்தது, அணையவில்லை. அவளுக்குக் கொடுத்த துண்டைப்போல இரண்டு பங்கு தூரம் அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அழுதுகொண்டே ஓடுவது எவ்வளவு சிரமம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிப்பும் கூடவே வந்ததால் இன்னும் சிரமம்.

பாலத்தில் பந்தம் அடுத்த பள்ளிக்குப் போன பிறகு ரொடோல்ஃபோவைத் தேடி வந்தேன். வளைவில், மைல்கல்லுக்குப் பக்கத்தில், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். எலியெத் தன் ஏப்ரனால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்க ஓடக்கூடாதுன்னு ஆபீசர் சொன்னாராமே?" என்றேன்.

"சொன்னார். நாப்பது வருஷம் முன்னால எனக்குக் கொடுக்கவேண்டியது, இப்பதான் கைக்கு வந்துச்சு, நான் தரமாட்டேன்னுட்டேன்." மூச்சு வாங்கினான். "அன்னைக்கு நீ மட்டுமா ஹன்னியா நின்ன? உனக்கு அடுத்த முனையில கையை நீட்டிக்கிட்டு நானும்தான் நின்னேன்."

இத்தனை வருஷம் எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எலியெத் விசிறலை எனக்கும் கொஞ்சம் திருப்பினாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஊரே நின்று தேசிய கீதம் பாடியது. மாட்டுவண்டி விளக்கை நாலு பேர் தூக்கி வந்தார்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்தேன். அடுப்படியில் எலியெத் புது ரொட்டிக்காரனுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மரமா? அதெல்லாம் சொல்லாதப்பா, குழப்பம். நேரா வா. டவுன் தலைமையாசிரியர் ஓடிவந்து உக்காந்த இடம் இருக்குல்ல, அங்கிருந்து எண்ணூறு மீட்டர் தெற்கே. யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."