மகளிடம் மறைத்த ஆறாம் பாகம்

பல வருடம் சவுதியில் டிரைவராக இருந்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் மிகவும் மரியாதையாக இருந்தாள். விருந்தாளியிடம் பேசுவதுபோல, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். நான் ஒரு மினி லாரி வாங்கி, மரக்காணம் உப்பளத்திலிருந்து திண்டிவனத்துக்கு மூட்டை ஏற்றிப் போகத் தொடங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தா, ஜப்பான் கார்ட்டூன் ஒண்ணு இருக்குது. சேர்ந்து பாக்கலாமா?"

பள்ளிக்கூடம் போகும் ஐந்து சிறுமிகள். பேசுகிற பறவை ஒன்று அவர்களுக்கு ஆளுக்கொரு மணி கொடுக்கிறது. மணியை ஆட்டினால் மின்னுகிற பாவாடை, பறக்கும் சக்தி, அரக்கர்களோடு சண்டை. முதலில் சிரிப்பாக இருந்தது. வாராவாரம் ஒரு பாகம் பார்த்ததில், எப்போதும் பசி பசி என்கிற குட்டை முடிக்காரி எனக்குப் பிடித்துப்போனாள். மகள் கூட, "அத்தாவோட ஆளு வந்துட்டா" என்று கிண்டல் செய்தாள். அந்தக் கிண்டலுக்காகவே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்தேன்.

ஒரு நாள் உப்பளத்தில் லோடு ஏறுவதற்காக வண்டியில் காத்திருந்தபோது, பொறுக்க முடியாமல் ஆறாம் பாகத்தைத் தனியாகப் பார்த்துவிட்டேன். மணியை ஆட்டும் ஒவ்வொரு முறையும், ஆட்டிய பிள்ளையைத் தெரிந்தவர்களில் ஒருவர் அவளை அடியோடு மறந்துவிடுவாராம். பறவை அதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறது. தோழிகளைக் காப்பாற்ற மணியை ஆட்டிவிட்டு, காயத்தோடு வீட்டுக்குப் போகிறாள் குட்டை முடிக்காரி. கதவைத் திறந்த அம்மா, "யாரும்மா நீ?" என்கிறாள். வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி நடந்து, பேருந்து நிறுத்தத்தில் தனியாகச் செத்துப்போகிறாள்.

மூட்டை தூக்கும் அக்கா கண்ணாடியைத் தட்டினார். "என்னா பாய், அழுவுறீங்க? எதாவது சாவு சேதியா?"

"ஆமாக்கா. தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு."

அன்று எல்லோரும் சத்தமே இல்லாமல் மூட்டை ஏற்றினார்கள். எனக்கு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மகள் இதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு நெட் வரவில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு மழையைக் காரணம் காட்டினேன். மூன்றாவது ஞாயிறு, "அந்தப் படத்தையே தூக்கிட்டாங்களாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஆறாவது பாத்துட்டீங்களா அத்தா?"

மழுப்பிப் பார்த்தேன். முடியவில்லை. "உனக்கு அது வேணாம்மா. மனசு கெட்டுப்போயிடும்."

"நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். அஞ்சாவது படிக்கும்போதே."

"அப்ப எதுக்கு புதுசா பாக்குற மாதிரி உக்காந்திருந்த?" என் குரல் உயர்ந்துவிட்டது. ஏமாந்த கோபம்.

"அப்போ தனியா பாத்தேன், அதான். நீங்க அனுப்புன போன்ல."

அந்த போன் எங்கள் தெருவில் யாரிடமும் இல்லாதது. ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, சவுதி அறையில் கூட இருந்த எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன்.

"ரொம்ப பயமா இருந்துச்சு. அம்மாவை எழுப்பி, என்னைத் தெரியுதான்னு கேட்டேன். திட்டிட்டுத் தூங்கிட்டாங்க. அப்புறம் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். 'அத்தா, என்னை ஞாபகம் இருக்கா'ன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"சிரிக்கிற மூஞ்சி பொம்மை ஒண்ணு அனுப்புனீங்க."

குறையாக அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அந்த மெசேஜ் துளிகூட நினைவில்லை. வண்டியை சிக்னலில் நிறுத்தியிருக்கும்போது பார்த்திருப்பேன். பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பேன். அதைப் பார்த்துவிட்டு அவள் எப்படித் தூங்கினாளோ.

"டீ போடட்டுமா?" என்றேன், வேறெதுவும் தோன்றாமல்.

"அப்புறம் போடலாம். ஆறாவது போடுங்க."

போட்டேன். அந்தச் சிறுமி வீட்டை நெருங்கியபோது, "இப்ப கதவைத் தொறப்பாங்க, நீங்க வேணும்னா பாக்காதீங்க" என்றாள் மகள். நான் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.