கடைசி எண் ஒன்பது

தெர்யோ முப்பது வருஷம் மணிலாவில் வண்டி ஓட்டியவர். ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். பெரிய விபத்து எதுவும் கிடையாது, குடி கிடையாது, வாய்ச்சண்டைகூடக் கிடையாது. அந்த மனிதருக்குப் பயம் என்று ஒன்று இருந்தது என்றால் அது எண் தகட்டின் மேல்தான். அந்த ஊரில் ஒவ்வொரு வண்டிக்கும் வாரத்தில் ஒரு நாள் சாலையில் இறங்கத் தடை. எந்த நாள் என்பதைத் தகட்டின் கடைசி எண் சொல்லிவிடும். ஒன்று, இரண்டு என்றால் திங்கள். மூன்று, நான்கு என்றால் செவ்வாய். அப்படியே போய் ஒன்பதும் பூஜ்யமும் வெள்ளிக்கிழமையில் முடியும். சனி, ஞாயிறு விடுதலை. கோடிங் என்று அதற்குப் பெயர். காசுள்ளவன் வேறு எண்ணில் இன்னொரு கார் வாங்கிச் சட்டத்துக்கு டிமிக்கி கொடுப்பான். இல்லாதவன் அன்று வீட்டில் உட்கார்ந்து சட்டத்தைத் திட்டுவான். தெர்யோ திட்டவும் மாட்டார். இளவயதில் ஒருமுறை தடை நாளில் மாட்டிக்கொண்டார். வேனில் இருந்த பெண்களெல்லாம் பார்க்க, உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரை வெயிலில் நிற்க வைத்தார்கள். அந்த அவமானம் அவரை விட்டுப் போகவே இல்லை. அதிலிருந்து எந்த வண்டியைக் கண்டாலும் முதலில் தகட்டைப் பார்ப்பார், பிறகுதான் வண்டியை.

ஓய்வு பெற்ற மறுவருஷமே மனைவி பெர்லிட்டாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வீடு ஊருக்கு வெளியே டைட்டாயில், ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவில். முதலில் மூன்று சக்கர வண்டி, பிறகு ஜீப்னி என்கிற குட்டி பஸ், இறங்கி நடைமேம்பாலம் ஏறி இன்னொரு ஜீப்னி. ஒரு நாள் திரும்பி வரும்போது மேம்பாலத்துப் படியில் அப்படியே சரிந்துவிட்டாள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறாள் என்று நினைத்து ஜனங்கள் தாண்டிப் போனார்கள். ரியாத்தில் வேலை செய்யும் மகள் ஜோவி இதைக் கேட்டதும், அம்மாவை இனி ஜீப்னியில் ஏற்றக் கூடாது என்று அழுது தீர்த்து, வண்டிக்குப் பணம் அனுப்பினாள்.

கைன்டாவில் பழைய கார் விற்கும் போயட்டிடம் இரண்டு வண்டிகள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டிகள். விலையும் ஒன்றே. ஒன்று வெள்ளி நிறம், மற்றொன்று கருஞ்சிவப்பு. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நிறச் சட்டை போட்டுவிட்ட மாதிரி இருந்தன. தெர்யோ துணைக்கு மெக்கானிக் அமாடோவைக் கூட்டிப் போயிருந்தார். அமாடோ ஜோவிக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் ஆண்கள் ஒருவரையொருவர் ‘பாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அமாடோ சிவப்பு வண்டிக்குள் ஏறி, இருக்கைப் பட்டையை இழுத்தார். இழுத்துக்கொண்டே போய்க் கடைசி முழத்தையும் வெளியே கொண்டுவந்தார். அங்கே பட்டையின் நெசவுக்குள் பழுப்பு நிறத்தில் மாவு போல ஏதோ அப்பியிருந்தது.

“பாரே, இங்க வா. வெள்ளத்துல முங்கின வண்டி இது. மேல எல்லாம் பளபளன்னு துடைச்சிட்டான். பெல்ட்டை முழுசா இழுத்துத் துடைக்க சோம்பேறித்தனம்.”

“தூசி, பாஸ்,” என்றான் போயட். “வெறும் தூசி.”

“தூசியா? அப்போ நக்கு பாப்போம்.”

போயட் அந்தப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிடப் போய்விட்டான்.

“இன்னைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும்,” என்றார் அமாடோ. “ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். எப்போ காலை வாரும்னு அந்த சாமிக்குத்தான் தெரியும். வெள்ளியை எடு. சத்தத்தைக் கேளு, எஞ்சின் ஓடுறப்பவும் சேத்துல இறங்கின எருமை மாதிரி அசையாம நிக்குது.”

தெர்யோ வெள்ளி வண்டியின் பின்னால் நின்றிருந்தார்.

“நாலு,” என்றார்.

“என்ன நாலு?”

“கடைசி நம்பர். செவ்வாக்கிழமை கோடிங்.”

“தடை ஏழு மணிக்குத்தானே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடியே உள்ள போயிடு.”

“போயிடலாம். அவளுக்கு மதியந்தான் மெஷின். முடிஞ்சு வரச்சே சாயங்காலம். மறுபடி ரோட்டுல விட ராத்திரி எட்டாகும். அதுவரைக்கும் அவளை எங்க போடுவேன்? முடிச்சு வந்தா தலை நிக்காது பாரே, வாந்தி எடுத்துக்கிட்டே வருவா.”

“செவ்வாக்கிழமை மட்டும் டாக்ஸி பிடி.”

“மழையில எந்த டாக்ஸிக்காரன் டைட்டாய்க்கு வர்றேங்குறான்?” சிவப்பு வண்டியின் பின்பக்கம் போய்த் தகட்டைத் தடவினார். “ஒம்போது. வெள்ளிக்கிழமை. நமக்கு மூணு நாளும் வழி திறந்திருக்கு.”

“நீ காரை வாங்க வந்தியா, தகட்டை வாங்க வந்தியா? தகடுதான் வேணும்னா அதைக் கழட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடந்து போ,” என்று கத்திவிட்டு அமாடோ தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் என்று நம் பக்கம் சொல்வார்கள். தெர்யோ ஒன்றும் தெரியாமல் கொளுத்தியவர் அல்ல. வெள்ளத்தில் கிடந்த வண்டி என்ன செய்யும் என்று அமாடோவுக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்கினார். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

முதல் சில மாதங்கள் அவர்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று சொல்லலாம். பாதிரியார் வந்து வண்டிக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்தார். பின்னிருக்கையில் மெத்தை போட்டு, திரும்பும் வழியெல்லாம் பெர்லிட்டா தூங்கிக்கொண்டே வருவாள். போகும்போது நெரிசலில் வண்டி நின்றால் கண்ணாடியை இறக்கி வேர்க்கடலை வாங்குவாள். டாக்டர் தொடவே கூடாது என்று சொன்ன பண்டம்.

“எத்தனை தின்னே?” என்பார் தெர்யோ.

“நீ ரோட்டைப் பாரு. என் வாயையெல்லாம் பாக்குறதுக்கு உனக்கு உரிமம் கொடுத்தது யாரு?”

பிறகு ஒரு நாள் பெர்லிட்டா பக்கத்துக் கண்ணாடி இறங்க மறுத்தது. அடுத்து உள்விளக்கு தானாக எரிந்து தானாக அணைந்தது. சாவியைத் திருப்பினால் சில நாள் உடனே பிடிக்கும், சில நாள் கெஞ்ச வேண்டும். தெர்யோ தானே ஒயர்களைப் பிரித்து, பச்சை பூத்த முனைகளை வெட்டி, டேப் சுற்றினார். இரண்டு தெரு தள்ளித்தான் அமாடோவின் பட்டறை. அங்கே வண்டியைக் கொண்டுபோனால் ‘சொன்னேனே’ என்ற சொல்லைக் கேட்க வேண்டும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் பிறந்தது. ஒரு சனிக்கிழமை தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தியதோடு சரி, யாரும் எங்கும் போகவில்லை. ஒருமுறை டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். திங்கட்கிழமை பெர்லிட்டாவின் முகம் ஊதிக் கண்கள் இடுங்கிவிட்டன. இரவு படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. செவ்வாய் காலை தண்ணீர் வடிந்ததும் தெர்யோ அவளைத் தூக்காத குறையாக முன்னிருக்கையில் உட்கார வைத்துக் கிளம்பினார். மதியம்வரை காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுவது என்று திட்டம்.

பெருஞ்சாலையில் மூன்று வரிசை வண்டிகளுக்கு நடுவில் சிவப்பு வண்டி செத்தது. இருமலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எஞ்சின், ஹாரன், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் போயின. சாவியைத் திருப்பினார், ஒரு சத்தமும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளிப் பார்த்தார்கள். வண்டி உருண்டதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை.

நீலச் சட்டை போட்ட போக்குவரத்துக் காவல்காரம்மா ஒருத்தி ஓடி வந்தாள். பழக்க தோஷத்தில் முதலில் தகட்டைப் பார்த்தாள்.

“ஒம்போது, கோடிங்கும் இல்லை. அப்புறம் ஏன் அண்ணே நடு ரோட்டுல...” என்று ஆரம்பித்தவள், உள்ளே பெர்லிட்டாவையும் அவள் மடியிலிருந்த ஆஸ்பத்திரி சீட்டையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள். உடனே ரேடியோவில் ஆம்புலன்ஸ் கேட்டாள். ஆம்புலன்ஸ் எங்கோ நெரிசலில் நின்றது. விசிலை ஊதிக்கொண்டே ஓடி, தூரத்தில் வந்த ஒரு ஜீப்னியை மறித்து, ஆட்களை இறக்கச் சொன்னாள். அது வரிசையை விட்டு நகர்ந்து வரும்வரை திரும்பி வந்து, தன் தொப்பியால் பெர்லிட்டாவுக்கு விசிறினாள். நல்ல மனசுக்காரி. பயந்து போயிருந்த இரண்டு பேருக்கும் தைரியம் சொல்வதற்காக எதையாவது பேச நினைத்தாள்.

“டயாலிசிஸா, அக்கா? பயப்படாதீங்க, இந்த வழியா தினம் எத்தனையோ பேர் போறாங்க. அவங்களை நாங்க நிறுத்துறதே இல்லை. கோடிங் நாளாவே இருக்கட்டும், ஆஸ்பத்திரி சீட்டைக் கண்ணாடியில காட்டினா போதும், கையை ஆட்டி அனுப்பிடுவோம். நோயாளி இருக்கிற வண்டியில நம்பரை யார் பாக்குறா?”

தெர்யோவின் கை ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டியும் இதை ஒருமுறைகூட, ஒரு ஆளிடம்கூட அவர் கேட்டிருக்கவில்லை.

“தெர்யோ,” என்றாள் பெர்லிட்டா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு தேடினாள். “இதை... அமாடோகிட்ட சொல்லாத.”

“பேசாத. மூச்சு வாங்குது பாரு.”

“சாகுற வரைக்கும்... உன்னைச் சொல்லிக் காட்டுவான்.”

ஜீப்னியின் நீளப் பலகையில் அவளைக் கிடத்தினார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று தெர்யோ கத்தி, நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தத் தோளில் கனம் ஏறிவிட்டது. அது எதனால் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் ஓட்டுநரிடம் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகள் வந்து சேரும்வரை சவப்பெட்டி வீட்டுக் கூடத்தில் இருந்தது. வாசலில் மேசை போட்டுச் சீட்டாடினார்கள், காப்பி கொடுத்தார்கள், சாவு வீட்டில் எப்போதும் நடப்பதுதான். அமாடோ தினமும் வந்தார். வண்டியை இழுத்துவந்து தெருவில் நிறுத்தியவரும் அவர்தான். அதைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. கடைசி நாள் தெர்யோவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பாரே, அன்னைக்கு அந்தக் கடையில நான் கத்தினது தப்பு. நான் வண்டியை மட்டும்தான் பாத்தேன். யோசிச்சுப் பாத்தா, அந்த வெள்ளியை எடுத்திருந்தா செவ்வாக்கிழமையெல்லாம் அவளை எப்படிக் கூட்டிட்டுப் போயிருப்ப? இத்தனை மாசம் அவ ஓடினதே அந்த நம்பராலதான். நீ எடுத்ததுதான் சரி. அதை நினைச்சு மனசை அரிச்சுக்காத.”

தெர்யோ வாயைத் திறந்தார். அந்தக் காவல்காரம்மா சொன்னதைச் சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் கொஞ்சமாவது இறங்கும் போலிருந்தது. அமாடோ திட்டினால்கூட நல்லது என்று பட்டது. கூடத்தில் பெட்டிக் கண்ணாடிக்கு அடியில் பெர்லிட்டா படுத்திருந்தாள்.

“ஆமா, பாரே,” என்றார்.